தோபா வெடிச்சுத்தான் பனியுகம் வந்துச்சாம்!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் காட்டமாவும் இருக்கும். டீ, காபி ஏதாவது கையில வச்சுக்கிட்டுப் படிங்க :-)

2025 நவம்பர் 23-ம் தேதி எத்தியோப்பியாவுல ஹேலி குப்பிங்கிற எரிமலை வெடிச்சது. அந்தச் சாம்பல் மேகம் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியா மறுநாளே குஜராத், ராஜஸ்தான், டெல்லி வானத்துக்கு வந்துட்டுது. சில விமானங்களை ரத்து பண்ணாங்க. அப்புறம் மேகம் சீனா பக்கம் நகர்ந்து போயிடுச்சு. மேகம் போச்சே தவிர மெசேஜ் போகலை. சேலையூர்ல ஆரம்பிச்சு மேடவாக்கம் வரைக்கும் ஒரு அபார்ட்மெண்ட் வாட்சப் குழு பாக்கி இல்லை, எல்லாத்துலயும் ஒரே கதை. கேம்ப் ரோடு டீக்கடையில நின்னா அங்கயும் அதே கதை.

கதை இதுதான். 74,000 வருஷத்துக்கு முன்னாடி சுமத்ரா தீவுல தோபான்னு ஒரு எரிமலை வெடிச்சதாம். வானம் இருண்டு பனியுகம் ஆரம்பிச்சதாம். உலகத்துலயே ரெண்டாயிரம் பேர்தான் மிஞ்சினாங்களாம், அவங்களும் நம்ம தென்னாட்டுல இருந்தவங்களாம். அடுத்த தோபா எப்ப வேணாலும் வருமாம். அதனால பூமி சூடாகுதுன்னு யாரும் அலட்டிக்க வேணாம், ஒரு எரிமலை வெடிச்சா எல்லாம் சில்லுனு ஆயிடும். கடைசியில ரெண்டு கையெடுத்துக் கும்பிடுற படம் வேற.

இதுல முதல் வரி நிஜம். மத்ததெல்லாம் புருடா. ஏதோ பொழுதுபோகாத புருடான்னு விட்டுடலாம்தான். ஆனா அந்தக் கடைசி வரி இருக்கே, 'ஒரு எரிமலை போதும்'ங்கிறது, அதை நம்பிக்கிட்டு உட்கார்ந்தா தாம்பரத்துல இருக்கிற நமக்குத்தான் முதல்ல தண்ணி வராது. அது எப்படின்னு பின்னால சொல்றேன். முதல்ல தோபா.

வெடிச்சது பொய் இல்லை. கடந்த இருபது லட்சம் வருஷத்துல இவ்வளவு பெருசா இன்னொண்ணு வெடிக்கலைன்னே சொல்லலாம். வெளியே வந்த கற்குழம்பு சுமார் 2,800 கன கிலோமீட்டர். மலை உள்ளே இடிஞ்சு விழுந்த பள்ளத்துலதான் இன்னிக்கு தோபா ஏரி இருக்கு. நீளம் 100 கி.மீ., அகலம் 30 கி.மீ. தாம்பரத்துல ஏரிக்கரை ஆரம்பிச்சா கிட்டத்தட்ட திண்டிவனத்துல முடியும், நம்ம புத்திக்கு எட்டுற மாதிரி சொல்லணும்னா. சாம்பல் 2,000 கி.மீ. தாண்டி வந்து இந்தியா முழுக்கக் கொட்டியிருக்கு. வங்காள விரிகுடாவின் அடித்தரையைத் துளைச்சுப் பார்த்தா அங்கயும் அந்தச் சாம்பல் அடுக்கு இருக்கு. இவ்வளவு பெரிய வெடிப்புக்கு ஒண்ணுமே ஆகலைன்னு நான் சொல்ல வரலை. பனியுகத்தை ஆரம்பிச்சு வச்சதுன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் சண்டை.

தேதியைப் பாருங்க சாமி. கடைசிப் பனியுகம் ஆரம்பிச்சது சுமார் 1,15,000 வருஷத்துக்கு முன்னாடி. தோபா வெடிச்சது 74,000 வருஷத்துக்கு முன்னாடி. நடுவுல நாற்பதாயிரம் வருஷம் ஓடிப்போச்சு. செங்கல்பட்டுல கிளம்பி வர்ற மின்சார ரயில்ல குரோம்பேட்டையில ஏறின ஒருத்தர், 'வண்டியைக் கிளப்பினதே நான்தான்'னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு தோபா கதையும்.

வண்டியைக் கிளப்பினது வானத்துல நடக்கிற கணக்கு. பூமி சூரியனைச் சுத்துற பாதை ஒரு லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை வட்டமாகி நீள்வட்டமாகும். அச்சோட சாய்வு 41,000 வருஷக் கணக்குல கூடிக் குறையும். அச்சு பம்பரம் மாதிரி தலையாட்டுறதால வர்ற மாற்றத்துக்கு இருபதாயிரம் வருஷத்தை ஒட்டி ஒரு கணக்கு. மிலன்கோவிச்னு ஒரு செர்பியக்காரர், கம்ப்யூட்டர் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே, பேப்பர்லயும் பேனாவுலயும் போட்ட கணக்கு இது. இந்த மூணும் கூடி, கனடா, ஸ்காண்டிநேவியா பக்கம் கோடை வெயில் குறைஞ்சுபோகும். குளிர்காலத்துல விழுந்த பனி கோடையில உருகாது. அடுத்த வருஷப் பனி அதுமேல விழும். வெள்ளையா இருக்கிறதால வெயிலைத் திருப்பி அனுப்பும், இன்னும் குளிரும். கடல் கரியமில வாயுவை உள்ளே இழுத்துக்கும், மறுபடியும் குளிரும். இப்படியே பல ஆயிரம் வருஷம் மெதுவா ஏறி, சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால உச்சத்துக்குப் போனப்ப கடல் மட்டம் 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிட்டு வரலாம், விசா கூட வேணாம். 11,700 வருஷத்துக்கு முன்னால அது முடிஞ்சது. இந்தக் கணக்குல தோபா எங்கயும் தேவைப்படலை.

(பனின்னு சொன்னதும் நம்மாளுக்கு மார்கழிப் பனிதான் ஞாபகத்துக்கு வரும். 21 டிகிரிக்கு மங்கி குல்லா போட்டுக்கிட்டு சானடோரியம் பக்கம் வாக்கிங் போற ஊரு இது. பனியுகம்னா என்னன்னு நமக்கு எவனும் சொல்லாம போனதுல ஆச்சரியமில்லை.)

விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இங்க கையைத் தூக்குவாங்க. 'கிரீன்லாந்து பனிக்கட்டியில 74,000 வருஷத்துக்குப் பக்கத்துல ஒரு கடுங்குளிர் கட்டம் தெரியுதே'ன்னு. தெரியுது, மறுக்கலை. ஆனா அதே பனிக்கட்டியில அந்தப் பனியுகம் முழுக்க அப்படி ஏற்ற இறக்கம் ரெண்டு டஜன் தடவை வந்து போயிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தோபாவா வெடிச்சது? அந்தக் குறிப்பிட்ட குளிருமே தோபாவுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிச்சாச்சு.

சரி, எரிமலை எப்படிக் குளிர வைக்குது? பலபேர் சாம்பல்தான் காரணம்னு நினைக்கிறாங்க. சாம்பல் கனமான சரக்கு, நாள் கணக்குல, வாரக் கணக்குல கீழே விழுந்துடும். வேலையைக் காட்டுறது கந்தக டை ஆக்சைடு. அது 15, 20 கி.மீ.க்கு மேல போய், நீராவியோட சேர்ந்து கந்தக அமிலத் துளியா மாறி, வெயிலைத் திருப்பி அனுப்பும். 1991 ஜூன்ல பிலிப்பைன்ஸ்ல பினட்டுபோ வெடிச்சப்ப சுமார் 1.5 முதல் 2 கோடி டன் போச்சு. உலகச் சராசரி வெப்பம் அரை டிகிரி இறங்கிச்சு. எவ்வளவு நாளைக்கு? ரெண்டு வருஷம். அப்புறம் துளி எல்லாம் கீழே இறங்கிடுச்சு, வெப்பம் பழைய இடத்துக்கு வந்துடுச்சு.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகள்ல கிரகடோவா வெடிச்சது. செப்டம்பர் மாசம் மெட்ராஸ்ல சூரியன் பச்சையாத் தெரிஞ்சது. கிராபிக்ஸ் இல்லைங்க, நிஜமாவே பச்சை. உதயத்துலயும் அஸ்தமனத்துலயும் ஜனங்க மிரண்டுபோய்ப் பார்த்திருக்காங்க. சென்னை கிறித்துவக் கல்லூரியில இயற்பியல் பேராசிரியரா இருந்த மிக்கி ஸ்மித் நிறமாலைமானியை வச்சு அந்தப் பச்சைச் சூரியனைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். அப்புறம் கொடைக்கானல் வானாய்வகத்தை உருவாக்கினாரே, அதே ஆள்தான். கல்லூரி அப்ப பாரிமுனைப் பக்கம் இருந்தது. 1937-லதான் தாம்பரத்துக்கு வந்தது. தினமும் அந்த வாசலைத் தாண்டி பஸ்ல போறவங்க, எரிமலை ஆராய்ச்சிக்கும் அந்தக் கல்லூரிக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்குன்னு ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. சூரியனே பச்சையாச்சு, மெட்ராஸ் உறைஞ்சுதா? உலகம் கொஞ்சம் குளிர்ந்தது, சில வருஷத்துல சரியாயிடுச்சு.

'அதெல்லாம் சின்ன எரிமலை, தோபா நூறு மடங்கு பெருசு'ம்பாங்க. அந்தக் கேள்வியையும் ஒருத்தர் கேட்டுட்டார். ஆலன் ராபக்னு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர். 2009-ல வெளியான ஆராய்ச்சியில, பினட்டுபோவைப் போல 33 மடங்குல ஆரம்பிச்சு 900 மடங்கு வரைக்கும் கந்தகத்தைக் கணினி மாதிரியில கொட்டிப் பார்த்தாங்க. சில வருஷம் கொடூரமான குளிர் வந்தது, செடிகொடி அடிவாங்கிச்சு. ஆனா பனியுகம் மட்டும் ஆரம்பிக்கவே இல்லை. ராபக் ஒண்ணும் எரிமலைக் குளிரைக் குறைச்சுப் பேசுற ஆளும் இல்லை, அதைப் பத்தியே வாழ்க்கை முழுக்க ஆராய்ச்சி பண்றவர். இன்னொரு விஷயம், கந்தகம் அதிகமாக அதிகமாக துளிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாகும். பெரிய துளி சீக்கிரம் விழும். நூறு மடங்கு கந்தகம் போனா நூறு மடங்கு குளிர்னு கணக்கு போட முடியாது.

இனி 'ரெண்டாயிரம் பேர்' கதைக்கு வருவோம். 1998-ல ஸ்டான்லி ஆம்ப்ரோஸ்னு அமெரிக்க மானுடவியலாளர் ஒருத்தர், மனுஷ இனத்தோட மரபணுவுல பன்மை குறைவா இருக்கிறதுக்கு தோபாவால வந்த பேரழிவு காரணமா இருக்கலாம்னு ஒரு கருதுகோள் வச்சார். கவனிங்க, கருதுகோள். 'இருக்கலாம்'. அறிவியல்ல 'இருக்கலாம்'னு ஒருத்தர் சொன்னா அடுத்தவங்க மண்வெட்டியை எடுத்துக்கிட்டு 'இருக்கா'ன்னு தோண்டிப் பார்ப்பாங்க. வாட்சப்ல அது நேரா 'இருந்தது' ஆயிடும்.

தோண்டிப் பார்த்தாங்களா? பார்த்தாங்க, அதுவும் நமக்குப் பக்கத்துலயே. ஆந்திராவுல, பழைய கர்னூல் மாவட்டம், இப்போ நந்தியால் மாவட்டம், பனகானபள்ளி பக்கம் ஜ்வாலாபுரம்னு ஒரு கிராமம். (பேரைப் பாருங்க, ஜ்வாலாபுரமாம்! பேருக்கும் எரிமலைக்கும் சம்பந்தம்னு அடுத்த மெசேஜ் கிளப்பிடாதீங்க ப்ளீஸ்.) அங்கே தோபா சாம்பல் ஆளுயரத்துக்கு மேல அடுக்கடுக்கா கிடக்கு. மழைத்தண்ணி அடிச்சுக்கிட்டு வந்து பள்ளத்துல சேர்த்த சாம்பலும் அதுல சேர்த்தி. மைக்கேல் பெட்ராக்லியாவும் தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழகத்து ரவி கோரிசெட்டரும் அவங்க குழுவும் தோண்டினாங்க. சாம்பலுக்குக் கீழே கல்லாயுதம். சாம்பலுக்கு மேலயும் கல்லாயுதம். ரெண்டும் பெரிய அளவுல மாறாத ஒரே வகைச் சரக்கு. 2007-ல சயன்ஸ் இதழ்ல வந்தது. அதாவது சாம்பல் மழை பெஞ்ச பிறகும் அந்தப் பள்ளத்தாக்குல அதே மாதிரிக் கல்லை அதே மாதிரி உடைச்சுக்கிட்டு ஆளுங்க பொழப்பைப் பார்த்திருக்காங்க.

மத்தியப் பிரதேசத்துல சோன் ஆத்துப் பள்ளத்தாக்குல தாபான்னு ஒரு இடம் (இது தோபா இல்லை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க). அங்கே சுமார் 80,000 வருஷத்துலேருந்து 65,000 வருஷம் வரைக்கும் மனுஷன் இருந்ததுக்கான தடயம் அறுபடாம வருதுன்னு 2020-ல சொன்னாங்க. ஆப்பிரிக்காவுல மலாவி ஏரிக்கு அடியில தோபா சாம்பல் துணுக்கைக் கண்டுபிடிச்சாங்க, அந்த அடுக்கை ஒட்டி ஏரி பெருசாக் குளிர்ந்ததுக்கு அடையாளமே இல்லைன்னு 2013-ல எழுதினாங்க. தென்னாப்பிரிக்காவுல பினக்கிள் பாயிண்ட் கடற்கரைக் குகைவாசிகள் தோபாவுக்கு அப்புறமும் ஜோரா இருந்திருக்காங்க, அது 2018. மரபணுப் பன்மை குறைவுக்கு, ஆப்பிரிக்காவுலேருந்து வெளியே வந்த கூட்டம் சின்னதா இருந்ததே போதுமான காரணம், எரிமலை தேவையில்லைங்கிறதுதான் இன்னிக்குப் பெரும்பாலானவங்க பேச்சு.

இதுல எனக்கு நிஜமாவே வயிறெரியுற சங்கதி ஒண்ணு உண்டு. ஜ்வாலாபுரத்துச் சாம்பலை தேய்ச்சுக் கழுவுற பவுடருக்காக வெட்டி லாரியில ஏத்தினாங்க. 74,000 வருஷத்துச் சாட்சி பாத்திரம் தேய்க்கப் போச்சு. தோபா தோபான்னு ஊரைக் கூட்டுற ஒரு மெசேஜ்லயாவது இதைப் பத்தி ஒரு வரி வந்திருக்கா?

அடுத்து தென்னாட்டுப் பெருமை. ஐயா, எனக்கும் பெருமை உண்டு. அதுக்குப் பொய் தேவையில்லைங்கிறேன், அவ்வளவுதான். 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கிற புவியியலாளர் பல்லாவரத்துல சரளைக்கல் குழி ஒண்ணுல ஒரு கல்லாயுதத்தைப் பொறுக்கினார். இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுங்கிறதே அந்தக் கல்லுக்கப்புறம்தான் உலகத்துக்குத் தெரிஞ்சது. எங்கயோ இல்லைங்க, நம்ம பல்லாவரம், ஜி.எஸ்.டி. ரோட்டுல வெள்ளிக்கிழமை சந்தைக்கு டிராஃபிக்ல மாட்டுவோமே அதே பல்லாவரம். அதே வருஷம் செப்டம்பர்ல அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சாங்க. அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் வருஷக்கணக்கா அகழாய்வு பண்ணி, 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே கைக்கோடரி செஞ்சவங்க இருந்தாங்கன்னு 2011-ல காட்டினாங்க. 3,85,000 வருஷத்துக்கு முன்னாலயே அங்கே அடுத்த கட்டக் கல்லாயுத நுட்பம் வந்துட்டுதுன்னு 2018-ல நேச்சர் இதழ்ல காட்டினாங்க. 15 லட்சம் எங்கே, 74 ஆயிரம் எங்கே? இவ்வளவு பெரிய நிஜத்தைக் கையில வச்சுக்கிட்டு 'ரெண்டாயிரம் பேர் மிஞ்சினோம்'னு பிச்சைக்காரக் கதை எதுக்கு? (அந்த 15 லட்ச வருஷத்து ஆளுங்க நம்ம இனமே கிடையாது, வேற மனுஷ இனம். 'தமிழன்'னு கிளம்பிடாதீங்க.)

கூடவே இன்னொரு உபகதை: பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் மலையெல்லாம் அணைஞ்சுபோன எரிமலையாம். இல்லவே இல்லை. அது சார்னோக்கைட். கல்கத்தாவுல ஜாப் சார்னாக் கல்லறைக்கு வச்ச கல் இந்த வகை. அதனால ஹாலண்டுங்கிற புவியியலாளர் 1893-ல அந்தப் பேரை வச்சார். எரிமலை வாயில வழிஞ்ச கல் இல்லை, பூமிக்குக் கீழே இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்துல, பயங்கர சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்த கல். வயசு சுமார் 250 கோடி வருஷம். மேல இருந்ததெல்லாம் தேய்ஞ்சு போய்த்தான் இது வெளியே தெரியுது. புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் சின்னம்னு அறிவிச்சிருக்கு. நாம அதை ஜல்லியா உடைச்சு கான்கிரீட் போட்டாச்சு. அது தனிப் பதிவா எழுத வேண்டிய அழுகை.

அப்போ எரிமலையால பனியுகமே வராதா? வரும். அந்த நிஜக் கதை மெசேஜ்ல இருக்கிற கதையை விட நூறு மடங்கு சுவாரசியம், ஆனா அதுல 'டமார்' சத்தம் கிடையாது. அதனாலதான் எவனும் ஃபார்வர்ட் பண்றதில்லை.

எரிமலைக் குழம்பு ஆறிப்போனா பசால்ட், கருப்பா இருக்கும். மழைத்தண்ணி வானத்துலேருந்து வரும்போதே கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைச்சுக்கிட்டு வரும், சோடா மாதிரி, ஆனா ரொம்ப லேசா. அந்த லேசான அமிலம் பசால்ட்டை அரிக்கும். அரிச்ச கல்லுல இருக்கிற கால்சியம் ஆத்தோட கடலுக்குப் போகும். கடல்ல சிப்பியும் நுண்ணுயிரும் அதை ஓடாக்கிக்கும், செத்தா அடியில சுண்ணாம்புப் பாறையாப் படியும். கணக்கு முடிஞ்சப்ப காத்துல இருந்த கரியமில வாயு கல்லாகிக் கடலடிக்குப் போயாச்சு. நம்ம சார்னோக்கைட்டும் இந்த வேலையைப் பண்ணும், ஆனா பசால்ட் வேகத்துக்கு வராது. வெயிலும் மழையும் கூடின பூமத்திய ரேகைப் பக்கம் பசால்ட் கிடைச்சா இன்னும் வேகம்.

இப்ப நம்ம தக்காணத்தைப் பாருங்க. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால மகாராஷ்டிரா பக்கம் எரிமலைக் குழம்பு வெள்ளமா ஓடிச்சு. இன்னிக்கு மிச்சமிருக்கிறதே 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாபலேஷ்வர், அஜந்தா குகை, எல்லாம் அந்தக் கல்லுதான். வெடிச்சப்ப அது கரியமில வாயுவை வெளியே விட்டு பூமியைச் சூடாக்கிச்சு. அப்ப இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே தனித்தீவா இருந்தது, வருஷத்துக்குப் பதினஞ்சு செண்டிமீட்டருக்கு மேல கூட நகர்ந்து வடக்கே வந்துக்கிட்டிருந்தது. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னால இந்தப் பெரிய பசால்ட் தட்டு பூமத்திய ரேகையோட மழைப்பட்டைக்குள்ள நுழைஞ்சப்ப அரிப்பு வேகமெடுத்தது, காத்துல கரியமில வாயு இறங்க ஆரம்பிச்சது, அதுதான் அந்த நீண்ட குளிர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம்னு டென்னிஸ் கெண்ட்டும் ஜியோவானி முட்டோனியும் 2008-ல எழுதினாங்க. 3.4 கோடி வருஷத்துக்கு முன்னால அண்டார்டிகாவுல பனிப்பாளம் படிஞ்சது. அது இன்னும் உருகலை. கறாராப் பேசினா, நாம இப்பவும் அந்தப் பெரிய பனியுகத்துக்குள்ளதான் இருக்கோம். இமயமலை எழுந்து தேய்ஞ்சதுதான் பெரிய காரணம்னு சொல்ற கட்சியும் பலமா இருக்கு. அந்தச் சண்டை நடக்கட்டும். ரெண்டு கட்சியிலயும் கதாநாயகன் கல்லும் மழையும்தான். குண்டு போட்ட மாதிரி ஒரே நாள்ல எதுவும் நடக்கலை.

இதைவிடப் பெருசு, 71.7 கோடி வருஷத்துக்கு முன்னால பூமத்திய ரேகை வரைக்கும் பூமி உறைஞ்சது. அதுக்கு ஒட்டினாப்ல வடக்குக் கனடாவுல பிராங்க்ளின்னு ஒரு மாபெரும் எரிமலைப் பரப்பு. பசால்ட் அரிப்பு ஏற்கனவே பூமியைக் குளிர வச்சிருந்தது, அந்த நேரம் பார்த்து கந்தகம் வருஷக்கணக்கா மேல போய் மிச்ச வேலையை முடிச்சிருக்கலாம்னு 2017-ல ஹார்வர்டு ஆளுங்க சொன்னாங்க. ஒரு வெடிப்பு இல்லை, திரும்பத் திரும்ப. அந்த உறைநிலை 5 கோடி வருஷத்துக்கு மேல நீடிச்சது. உருக வச்சதும் எரிமலைகள் மெதுவாக் கக்கின கரியமில வாயுதான். 1257-ல லோம்போக் தீவுல வெடிச்ச சமலாஸும் அடுத்தடுத்த வெடிப்புகளும் ஐரோப்பாவோட 'குட்டிப் பனியுகத்துக்கு' ஒரு தள்ளு கொடுத்திருக்கலாம்னும் ஆராய்ச்சி இருக்கு. அங்கேயும் வட அட்லாண்டிக் கடல்பனி கூடவே வேலை செஞ்சாத்தான் நடக்கும்ங்கிறாங்க.

ஆக எரிமலை உலகத்தைக் குளிர வைக்கிறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு ரெண்டு மூணு வருஷத்துல போயிடும். இன்னொண்ணுக்குப் பல லட்சம் வருஷம் ஆகும். நாம விடுற புகைக்கு ரெண்டுமே பரிகாரம் இல்லை. எரிமலையெல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு விடுற கரியமில வாயு 50 கோடி டன்னுக்குள்ளதான். நாம நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு, சிமெண்டுன்னு விடுறது 3,700 கோடி டன். 'ஒரு எரிமலை மனுஷனை விட அதிகமா விடுது'ன்னு ஒரு மெசேஜ் வருதே, அந்தக் கணக்கை எழுதினவர் எந்த ஸ்கூல்ல படிச்சாரோ! 280-ல இருந்தது இப்ப பத்து லட்சத்துக்கு 420-ஐத் தாண்டிப் போயிடுச்சு. (பசால்ட்டைப் பொடி பண்ணி வயல்ல தூவினா அரிப்பை வேகப்படுத்தலாம்னு ஒரு முயற்சி நடக்குது. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேச நெல் வயல்ல அதைச் செய்ற மாட்டி கார்பன் அமைப்புக்கு 2025-ல 5 கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் கிடைச்சது. நல்ல முயற்சிதான். 3,700 கோடி டன்னுக்கு முன்னால அது இன்னும் சின்னப் பையன்.)

இப்ப தண்ணிக்கு வருவோம். 'ஒரு எரிமலை போதும்'ங்கிற பேச்சு வாட்சப் மாமாக்களோட நிக்கலை. விமானத்துல கந்தகத்தைக் கொண்டுபோய் மேலே தூவி செயற்கை எரிமலை உண்டாக்கலாம்னு கோட்டு சூட்டு போட்டவங்களும் பேசிக்கிட்டிருக்காங்க. காசு கம்மி, சீக்கிரம் பலன்னு சொல்றாங்க. பினட்டுபோ வெடிச்ச மறு வருஷம் உலகத்துல நிலப்பரப்பு மேல விழுந்த மழை கணிசமாக் குறைஞ்சதை டிரென்பர்த்தும் டாயும் 2007-ல கணக்கெடுத்துக் காட்டினாங்க. 1815-ல தம்போரா வெடிச்சது, 1816-ல இந்தியாவுல பருவமழை தடுமாறிச்சு. காரணம் சிக்கல் இல்லை. நிலம் கடலை விடச் சூடானாத்தான் தென்மேற்குப் பருவக்காத்து உள்ளே வரும். மேலே கந்தகத் திரை போட்டா நிலம்தான் முதல்ல குளிரும், இழுப்பு குறையும். ஐரோப்பாக்காரனுக்கு எரிமலைன்னா கோடை இல்லாத வருஷம். நமக்கு அது மழை இல்லாத வருஷம்.

'நமக்குத்தான் வடகிழக்குப் பருவமழையாச்சே'ன்னு சொல்லலாம். சொல்றவங்க வீட்டுக் குழாய்த் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்க்கலை. வீராணத்துக்கு வர்றது காவிரித் தண்ணி, குடகுல தென்மேற்குப் பருவமழை பெஞ்சாத்தான் உண்டு. பூண்டிக்கு வர்றது கிருஷ்ணா தண்ணி. ஸ்ரீசைலத்துல எடுத்து, வேலுகோடு, சோமசீலா, கண்டலேறுன்னு இறங்கி வருது. ஸ்ரீசைலத்துக்கு நீர் வரத்து மேற்குத் தொடர்ச்சி மலையில தென்மேற்கு மழை. அந்தக் கால்வாய் கிளம்புற நந்தியால் மாவட்டத்துலதான் ஜ்வாலாபுரத்துச் சாம்பலும் கிடக்குது.

2019 ஜூன்ல நாலு ஏரியும் வறண்டு கிடந்தப்ப நம்ம தெருவுல குடம் எத்தனை மணிக்கு வரிசையில நின்னதுன்னு யாருக்கும் மறந்திருக்காது. லாரித் தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் போட்டு, வராத லாரிக்காக வாசல்லயே உட்கார்ந்து விடிஞ்ச வீடுகள் சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாத்துலயும் உண்டு. அப்ப குடிநீர் வாரியம் சிக்கராயபுரத்துலயும், தாம்பரம் பக்கம் எருமையூர்லயும் கைவிட்ட கல்குவாரிக் குழியில தேங்கின தண்ணியை எடுத்துச் சுத்தப்படுத்திக் கொடுத்தது. அது ஒரு பருவமழை பொய்ச்சதுக்கு. கந்தகம் தூவ ஆரம்பிச்சா வருஷா வருஷம் தூவணும், நிறுத்தினா அடக்கி வச்ச சூடெல்லாம் சில வருஷத்துல ஒண்ணா ஏறும். எவ்வளவு தூவுறது, யார் தூவுறதுன்னு எந்த நாட்டுலயோ ஒரு மேஜையில முடிவாகும். அந்த மேஜையில குடகுக்கும் ஸ்ரீசைலத்துக்கும் நாற்காலி போடுவாங்களா? அந்தக் கேள்வியை இப்பவே கேட்க வேண்டிய நாம, கும்பிடு படம் போட்ட மெசேஜை அடுத்த குழுவுக்குத் தள்ளிக்கிட்டு இருக்கோம்.